அந்த ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்

"ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) அணைந்துபோனால் த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி ஆர்பிஎம்மை ஏற்றினால் போதும்" என்று, வண்டி அணைந்துபோவதைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் சரி. கேள்வி கேட்டவர் வைத்திருப்பது 1990 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். அதில் ஐடிலைப் பிடித்து வைப்பது கம்ப்யூட்டர், ஐடிலில் இன்ஜினுக்கு வேண்டிய காற்றை விடும் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வு வழியாக. அந்த ஸ்க்ரூ, த்ராட்டில் தட்டு முழுசாக மூடி இறுகிக்கொள்ளாமல் இருக்க வைத்த தடுப்புதான். அதைத் திருகினால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜும் (ஐடிலில் சுமார் 1 வோல்ட்) நகரும். கோளாறு மறையுமே தவிர தீராது.

இன்ஜின் சூடானதும், ஓடும்போதே அந்த வால்வின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஆர்பிஎம் சட்டென்று விழுந்தாலோ வண்டி அணைந்தாலோ வால்வு வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் பெரும்பாலும் கரி படிந்து சிக்கியிருக்கும். கழற்றி கிளீனர் அடித்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஒயரிங்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சூடேறிய பிறகு மட்டும் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறதென்றால் அது ஐடில் சமாச்சாரமே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) பொருத்தியிருக்கும், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் டிஎஃப்ஐ (TFI) இக்னிஷன் மாட்யூலைச் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்து ஃபோர்டுகளில் அது பேர்போன தொல்லை.