மாதச் சந்தா இல்லாமலும் நேரடியாக அழைக்கலாம்

இரண்டு இணையத் தொலைபேசி அடாப்டர்கள் (சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் கருவிகள்) ஒன்றையொன்று அழைப்பதற்குச் சேவை நிறுவனத்தின் மாதச் சந்தா கட்டாயம் என்று சிலர் கூறுவது சரியன்று. இணைய அழைப்புகளை ஏற்படுத்தப் பயன்படும் சிப் (SIP) நெறிமுறையில், சேவை நிறுவனத்தின் சர்வருக்கு முக்கிய வேலை, அழைக்கப்படுபவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துத் தருவதுதான். எதிர்முனையின் ஐபி முகவரி (வலையமைப்பில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்) நமக்கே தெரிந்திருந்தால், அழைப்பு அந்தக் கருவியில் சிப் அழைப்புகளுக்கு வழக்கமான 5060ஆம் போர்ட்டுக்கு (எண்ணிட்ட நுழைவாயிலுக்கு) நேராகவே போய்ச் சேரும். சிங்கப்பூரின் தெம்பனிஸில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் இரண்டு அடாப்டர்களை ஒரே ரவுட்டரில் இணைத்து, முதலில் நேரடி ஐபி அழைப்புக்கான *47, பிறகு மற்ற அடாப்டரின் ஐபி முகவரியைப் புள்ளிகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறியிட்டு 192*168*0*160 என்று அழுத்தியபோது, பக்கத்து அறைத் தொலைபேசி மணியடித்தது. வெவ்வேறு வீடுகள் என்றால் பொது ஐபி முகவரியும் ரவுட்டரில் போர்ட் திறப்பும் வேண்டும். ஆனால் இரு அடாப்டர்களிலும் தொலைபேசியைச் செருகும் துளைகளை ஒரே கம்பியால் இணைத்துவிடாதீர்கள். இரண்டுமே மின்னழுத்தம் தருபவை என்பதால் கருவி பழுதாகலாம்.