அவர் போனைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்

நான்கு நாட்களாக அந்த வீடியோ எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். மின்சார ரயிலில் ஏடிஎம் கார்டு கவர் விற்கிற ஒருவர் கதவோரம் நின்று போனை நோண்டுகிறார். "கண்ணு தெரியாதவராம், போனை எப்படிப் பார்க்கிறார் பாருங்க" என்று ஒரு குரல். கூடவே சிரிப்பு. எனக்கும் கண் தெரியாது. படத்தை என் மகள் விவரித்தாள். சிரிப்பை நானே கேட்டுக்கொண்டேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஆசிரியர் அறையில் பக்கத்து மேஜைக்காரரே கேட்டார்: "எல்லாம் சரி டீச்சர், போனை மட்டும் எப்படிப் பார்க்கிறார்?" பதினோரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். நான் தினமும் போனில் வருகைப்பதிவு போடுவது அவருக்குத் தெரியும். அவருக்கே இந்தச் சந்தேகம் என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

அவர் போனைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒன்று இருக்கிறது, 2009 முதல். அதே ஆண்டு ஐபோனில் வாய்ஸ்ஓவர் வந்தது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருக்கிற போனிலும் அநேகமாக இருக்கும், நீங்கள் திறந்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். அதைப் போட்டுவிட்டால் விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதைப் போன் வாய்விட்டுப் படிக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது. இரண்டு முறை தட்டினால் திறக்கும். பழகியவர்கள் வேகத்தைக் கூட்டி வைத்திருப்போம். என் போன் பேசுவது என் மகளுக்கே புரியாது.

இன்னொன்று. திரையை அணைத்து வைத்துக்கொண்டும் எல்லா வேலையும் செய்யலாம். எங்களில் பலர் அப்படித்தான் வைத்திருப்போம். சார்ஜ் மிச்சம், பக்கத்தில் நிற்பவர் நம் செய்தியைப் படிக்கவும் முடியாது. சந்தேகம் வந்து, அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொன்னேன் மகளிடம். அவர் போன் ஒரு நொடி கேமரா பக்கம் திரும்புகிறது. "அம்மா, ஸ்கிரீன் கறுப்பா இருக்கும்மா" என்றாள். கறுப்புத் திரையில் என்னத்தைப் பார்க்க முடியும்? எடுத்தவருக்கு இது தெரியவில்லை. பகிர்ந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கண் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் பார்த்த வீடியோ இது.

"அப்படியென்றால் முகத்துக்கு நேரே ஏன் பிடிக்கிறார்?" என்று கேட்பீர்கள். ஓடுகிற ரயிலில் கதவோரம் நின்று போனில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், தெரியும். காதுக்கும் வாய்க்கும் பக்கத்தில்தான் பிடிக்க முடியும். அதோடு, பார்வையற்றவர் என்றால் முழு இருட்டு என்று யார் சொன்னது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 3/60க்குக் கீழே இருந்தால் அவர் பார்வையற்றவர். மற்றவர்கள் அறுபது மீட்டரில் பார்ப்பதை மூன்று மீட்டரில் கூடப் பார்க்க முடியாதவர் என்று பொருள். வெளிச்சம் தெரியலாம், நிழலாட்டம் தெரியலாம், பக்கத்தில் வைத்தால் நிறம்கூடத் தெரியலாம். சட்டம் ஒத்துக்கொண்டதை ரயில் பெட்டி ஒத்துக்கொள்ளாதா?

இந்தப் போன் எங்களுக்கு என்ன என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை.

2003. எனக்கு இருபத்து நான்கு வயது. பெண் பார்த்துவிட்டுப் போன இடத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்பதாவது படித்த எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். திண்ணையில் அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, பால்காரர் எல்லாரும் இருந்தார்கள். பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தான். "பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள். ஆனால் எங்கள் பையன் ஆயுசுக்கும் ஒருத்தியைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருக்க முடியாது." அங்கே அவன் குரல் இறங்கிவிட்டது. மீதியை அவன் படிக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. என் கடிதம் என்னைவிட முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை எனக்கு வந்த ஒவ்வொரு தாளும் இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்தது. தேர்வு முடிவு, மருத்துவச் சீட்டு, தோழியின் அழுகை, எல்லாம்.

2008இல் பழைய நோக்கியா ஒன்று வாங்கி, டாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். ஆங்கிலக் குறுஞ்செய்தி படிக்கும், தமிழ் வந்தால் ஊமையாகிவிடும். அதற்கே இரவெல்லாம் தூங்கவில்லை. வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்த முதல் நாள் அது. இதைப் படிக்கிற உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. எனக்கு அந்தத் திண்ணை ஞாபகத்தில் இருக்கிறது.

தொடுதிரை போன் வாங்கியது 2015இல். ஒரு வாரம் வந்த அழைப்பை எடுக்கத் தெரியவில்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ஒரு தோழி எங்கள் வாட்சப் குழுவில் சேர்த்துவிட்டார். அதில் யாரோ ஒரு அண்ணன் தமிழில் பதினாறு பாடம் பதிவு செய்து வைத்திருந்தார். "ரெண்டு விரலையும் ஒட்டாம வைங்க. மெதுவா தள்ளுங்க. அவசரப்பட்டா அதுவும் அவசரப்படும்" என்று அவர் சொல்லும்போது பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்கும். விற்பனைக்கு நடுவில், நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து பதிவு செய்தவை அவை. ஐந்தாவது பாடத்தில் "ஒரு நிமிஷம், வண்டி வருது" என்று நிறுத்திவிட்டு, ஆறாவதில் தொடர்கிறார். ஆங்கிலத்தில் எத்தனையோ கையேடு இருந்திருக்கலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குரல்தான். எங்களில் நூற்றுக்கணக்கான பேருக்கு அதே குரல்தான்.

வீடியோவில் இருப்பவர் அவர்தான்.

பார்வையற்றோர் உலகம் சின்னது. குரலை வைத்து ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவோம். வீடியோவின் கடைசியில் "என்ன சார்?" என்று ஒரு சொல் வருகிறதே, அது போதும் எனக்கு.

இப்போதும் எங்கள் குழுவில் காலை ஐந்தரைக்கு அவர் பதிவுதான் முதலில் வரும். எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எந்த மேம்பாலத்தில் மின்தூக்கி ஓடவில்லை, எந்த வண்டி நடைமேடை மாறுகிறது. தாம்பரம் கடற்கரை வழித்தடத்தில் கோலை ஊன்றிக்கொண்டு போகிற பலர் அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்குவார்கள். 2020 மார்ச்சில் ரயில் நின்று மாதக்கணக்கில் ஓடாதபோது, யார் வீட்டில் அரிசி இல்லை என்று அந்தக் குழுவில்தான் குரல்பதிவு போட்டோம். எதையும் தொடாதே என்று ஊரே சொன்ன காலம். தொட்டுத்தான் நடக்க முடியும் என்ற எங்களுக்கு வெளியே போக வழியில்லை, பேச மட்டும் வழி இருந்தது. தன்னார்வலர்கள் போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்பினார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் அதைக் கேட்டுப் படித்துத்தான் இன்று அரசு வேலையில் இருக்கிறார்கள்.

புத்தகத்தை ஒலியாக்குவது திருட்டு என்று என் போன பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதினார். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக அதை அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்குப் படிக்க முடிகிற வடிவில் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலில் ஒப்புதல் தந்த நாடு இந்தியா. போதுமா?

"உண்மையிலேயே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே" என்று எழுதுவீர்கள். இருக்கலாம். அதற்காக என் கையில் போன் இருக்கும்போதெல்லாம் நான் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. கவர் விற்றார்.

போன மாதம் ஒரு வங்கிச் செயலியில் கேஒய்சி, அதாவது நான்தான் என்று காட்டும் அடையாளச் சரிபார்ப்பு, செய்யச் சொன்னார்கள். முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவா, கண்ணைச் சிமிட்டு என்றது. வட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. பொத்தான்களுக்குப் பெயர் வைக்காததால் டாக்பேக் "பட்டன், பட்டன்" என்று மட்டும் படித்தது. கடைசியில் பதினைந்து வயது மகள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். இதே மாதிரி வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொன்னது. சொல்லியாயிற்று. எனக்கு வருகிற சுற்றறிக்கை இன்றைக்கும் ஸ்கேன் செய்த படமாகத்தான் வருகிறது. எழுத்தாக அனுப்பினால் போன் அரை நிமிடத்தில் படித்துவிடும். அதைப் பற்றி யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அந்த அண்ணனுக்குப் போன் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். புதிய தாள்களில் நூறு ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐநூறு 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஓடுகிற வண்டியில், கூட்டத்தில், விரலால் அளந்து பாருங்கள். அதற்குத்தான் ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் மணி என்ற செயலியை வெளியிட்டது. தாளைக் கேமராவுக்கு நேரே காட்டினால் எவ்வளவு என்று சொல்லும், இணையம் வேண்டாம். இப்போது பாதிப் பேர் ஜிபே. பணம் வந்ததா என்று அவருக்குச் சொல்வதும் போன்தான்.

வீடியோ பகிர்ந்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து காலைப் பதிவு வரவில்லை. நேற்று இரவு நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. "டீச்சர், வண்டில ஆளாளுக்கு அதையே கேக்குறாங்க. போன வீட்டுல வச்சுட்டுத்தான் இப்ப வேலைக்குப் போறேன். ஜிபே போட்டுட்டேன்னு சொன்னா சரின்னு கவரக் குடுத்துடுறேன்."