லேபிள் வெட்டினதுதான் ஒரிஜினல், போதுமா?

காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பைத் திறந்தால் முதல் மெசேஜ்: "அக்கா, இது ஒரிஜினலா?" பல்கூட விளக்கவில்லை. சரி, டி-ஷர்ட் வியாபாரம் என்று இறங்கியாச்சு, பதில் போட்டேன்: "திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்மா." உடனே, "அப்ப ஏன் லேபிள் வெட்டியிருக்கு?" அதற்கும் நாலு வரி எழுதினேன். அடுத்து வந்தது பாருங்கள்: "லேபிள் இல்லாட்டி டூப்ளிகேட்தானே. 200க்குத் தர்றீங்களா?"

டூப்ளிகேட் என்று திட்டிவிட்டு அதையே இருநூறுக்குக் கேட்கிற தைரியம் யாருக்கு வரும்! ஒரு வருஷமாக இதே கதை. இன்றைக்கு ஒரே தடவை விளக்கமாக எழுதிவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு இதையே தூக்கிப் போடப்போகிறேன்.

வெளிநாட்டு பிராண்டு ஒன்று திருப்பூர் கம்பெனிக்குப் பத்தாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். சாயத்தில் கொஞ்சம் போகும், கட்டிங்கில் கொஞ்சம் போகும், தையலில் கொஞ்சம் போகும். அதனால் கம்பெனி முன்கூட்டியே சில சதவீதம் கூடுதலாகத் தைத்து வைக்கும். அனுப்பியது போக மிஞ்சியது சர்ப்ளஸ். காலர் நிறம் ஒரு இழை மாறியிருக்கிறது என்று செக்கிங்கில் கழித்துக்கட்டியது, கப்பல் ஏறும் நேரத்தில் ஆர்டர் கேன்சல் ஆனது, எல்லாம் சேர்ந்து திருப்பூரின் மொத்த வியாபாரச் சந்தையான காதர்பேட்டைக்கு வந்துவிடும். துணி அதே துணி, தையல் அதே தையல். ஆனால் பிராண்டு பெயரோடு மலிவாக வெளியே போகக்கூடாது. பெயரைக் காப்பாற்ற இந்த பிராண்டுக்காரர்கள் எந்த எல்லைக்கும் போவார்கள். பர்பெரி என்கிற பிரிட்டன் பிராண்டு 2017-18இல் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது. ஊரே காறித் துப்பிய பிறகுதான், 2018 செப்டம்பரில், இனி எரிக்க மாட்டோம் என்றார்கள். நம் ஊரில் எரிக்கவில்லை, லேபிளை வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் தடவை காதர்பேட்டை போனபோது எனக்கும் இது தெரியாது. மதுரை ஆரப்பாளையத்தில் ராத்திரி பஸ் ஏறி, விடிய இறங்கி, கடை திறக்கும் வரை டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நைஜீரியாக்காரர் ஒருவர் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்த கடையில் நான் 120 பீஸ் கேட்டு நின்றேன். "லேபிளோட கிடைக்காதாண்ணா?" என்றதற்குக் கடைக்காரர் சிரித்தார். "லேபிளோட வெளிய விட்டா கம்பெனிக்காரரு அடுத்த லாட்டே தரமாட்டாருங்க அம்மிணி. லேபிள் பளபளன்னு இருந்தாத்தான் நீங்க சந்தேகப்படோணும்."

நான் விற்கிற டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பட்டியில் வெட்டியது போக ரெண்டு மில்லிமீட்டர் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டுத் தையலில், இடுப்புக்கு மேலே, துவைக்கும் முறை அச்சடித்த வெள்ளைப் பட்டை சில பீஸில் தப்பியிருக்கும். அமெரிக்காவுக்குப் போக வேண்டியதாக இருந்தால் அதில் பெரும்பாலும் ஆர்என் என்று போட்டு ஒரு எண் இருக்கும். அந்த நாட்டு வர்த்தக ஆணையம் கொடுக்கிற எண் அது. அவர்கள் தளத்தில் போட்டால் எந்தக் கம்பெனியுடையது என்று வந்துவிடும். இதையெல்லாம் போட்டோ எடுத்து, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு அனுப்புகிறேன். பதில்: "ஓகே அக்கா, லாஸ்ட் பிரைஸ்?"

இதே ஆட்கள் ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது பிராண்டு பெயர் போட்டு அச்சு அசலாகச் செய்த போலி, என்றால் வாயைப் பிளந்துகொண்டு வாங்குகிறார்கள். எங்கள் அத்தாச்சி போன மாதம் 3,500 ரூபாய்க்கு ஒரு ஹேண்ட்பேக் வாங்கி வந்து என்னிடமே காட்டினார். டஸ்ட் கவர், பில் மாதிரி ஒரு அட்டை, தங்க எழுத்து, சகலமும் உண்டு. "மாஸ்டர் காப்பிடி, செவன் ஏ குவாலிட்டி" என்கிறார் பெருமையாக. திருட்டுக்கும் டிகிரி வந்துவிட்டது! போலி முத்திரைச் சரக்கை விற்றால் 1999 வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை உள்ளே போக வேண்டும், ஐம்பதாயிரத்துக்குக் குறையாத அபராதம் வேறு. அதை விற்பவன் கார் வாங்கிவிட்டான். ஒழுங்காக விற்கிற நான் பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"உனக்கென்ன, பாதிக்குப் பாதி லாபம்" என்கிறார்கள். கணக்கைச் சொல்கிறேன். பீஸ் 210, கொண்டுவர 10, கூரியரும் கவரும் 65. மொத்தம் 285. விற்பது 449, அதுவும் டெலிவரி ஃப்ரீ. பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் அனுப்பக்கூட ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், ஆடிட்டருக்கு மாதாமாதம் தனி. கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பிவிட்டால் போகவர செலவு என் தலையில். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் ஒருவர் "சைஸ் சரியில்லை" என்று ஒரு போலோ டி-ஷர்ட்டைத் திருப்பி அனுப்பினார். பிரித்தால் பவுடர் வாசனை, காலர் மடிப்புக்குள் சந்தனம். காதுகுத்துக்கோ வளைகாப்புக்கோ போய், சாப்பிட்டு, மொய் எழுதி, போட்டோவும் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார். கேட்டால் "ட்ரையல்தான் பார்த்தோம்"னு பதில்.

இன்னொரு ரகம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, "ஆர்டரெல்லாம் நிக்குதாம், உனக்குச் சரக்கு சல்லிசாக் கிடைக்கும், கொண்டாட்டம்தான்" என்று ஒருவர் போன் போட்டார். எனக்கு மிஷினில் உட்காரும் அக்காக்களைத் தெரியும். ஷிப்ட் இருந்தால்தான் அவர்களுக்குக் கூலி. நான் பதிலே சொல்லாமல் வைத்துவிட்டேன்.

சைஸ் கொடுமை தனி. எல்லா சைஸும் கலந்து வரும் மிக்ஸ் லாட்டில் எம்மும் எல்லும் முதல் நாளே போய்விடும். ஐரோப்பிய அளவு எக்ஸ்எஸ் நம் ஊரில் ஒன்பதாவது படிக்கிற பையனுக்குச் சரியாக இருக்கும், அவனோ ஓவர்சைஸ்தான் வேண்டும் என்கிறான். பீரோவைத் திறந்தால் அதுதான் தலையில் விழுகிறது.

எக்ஸ்எஸ் இன்னும் 31 பீஸ் இருக்கிறது. கருநீலம் 19, மெரூன் 12. லேபிள் கிடையாது, லாஸ்ட் பிரைஸ் கிடையாது. ஒரிஜினலா என்று கேட்காதவர்கள் மட்டும் மெசேஜ் போடவும்.