யாரோ வந்தார், கவரைக் கொடுத்தார், போய்விட்டார்

எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் மொய் எழுத வாசலிலேயே ஒரு மேசை போட்டிருப்பார்கள். கையெழுத்து தெளிவாக உள்ள ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். பணத்தை எண்ணிப் பையில் போட நம்பிக்கையான இன்னொரு ஆள். ஊர், அப்பா பெயர், பெயர், தொகை. 101 ரூபாயாக இருந்தாலும் நோட்டில் ஏறியாக வேண்டும். ஏறியதைக் கொடுத்தவர் எட்டிப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார். எனக்குக் காது குத்தியபோது வந்த மொய் நோட்டை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அட்டை போய்விட்டது, கணக்கு போகவில்லை. யாருக்கு என்ன திருப்பிச் செய்யவேண்டும் என்று சந்தேகம் வந்தால் அந்த நோட்டுதான் பேசும்.

இதே நாட்டில்தான் ஆறு வருஷம், கோடி ரூபாய் மொய் செய்தவன் பெயரை எங்கும் காட்டவேண்டியதில்லை என்று ஒரு சட்டம் இருந்தது. தேர்தல் பத்திரம். ஸ்டேட் வங்கியில் பத்திரத்தை வாங்கிக் கட்சிக்குக் கொடுப்பார்கள், கட்சி அதை வங்கியில் பணமாக மாற்றிக்கொள்ளும். எல்லோரும் மறந்துவிட்ட விஷயத்தை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். மறந்துவிட்டோம் என்பதால்தான்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். பெயர் இல்லாத வவுச்சரை எங்கள் ஆபீஸில் யாரும் பாஸ் பண்ண மாட்டார்கள், டீ செலவாக இருந்தாலும். அந்தப் பழக்கத்தில், இந்தப் பத்திரத்துக்கு வழி செய்த 2017 நிதிச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, குழப்பம். அதுவரை ஒரு கம்பெனி கட்சிக்குப் பணம் கொடுக்கவேண்டுமென்றால் முந்தைய மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்டவேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், மொத்தத் தொகையை மட்டும் ஒரு வரியில் போட்டால் போதும். லாபமே இல்லாத கம்பெனி நன்கொடை தருகிறது என்றால் அது யார் வீட்டுப் பணம்? எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வரும் ஆர்ட்டிகிள் பையன்கூட இதைத்தான் முதலில் கேட்பான்.

ஊழல் என்று சொன்னாலே நமக்கு நினைவுக்கு வருவது மஞ்சள் பை, ராத்திரி, கார் டிக்கி. இது அப்படி நடக்கவில்லை. பகலில், பட்ஜெட்டோடு, அரசிதழில் அச்சடித்து நடந்தது. இதை நடத்திக்கொடுத்தவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்.

2017 ஜனவரி 30 அன்று ரிசர்வ் வங்கி நிதி அமைச்சகத்துக்கு எழுதியது: இந்தப் பத்திரம் கைமாறிக்கொண்டே போனால் உண்மையில் கொடுத்தவர் யார் என்று தெரியாது, பணமோசடித் தடுப்புக்கே ஆபத்து. பட்ஜெட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. வருவாய்த் துறைச் செயலரிடமிருந்து வந்த பதிலின் சாரம், ஆலோசனை தாமதமாக வந்திருக்கிறது, மசோதா அச்சாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாக விழுந்துவிட்டதே என்றால், அச்சடித்தாயிற்று, மாப்பிள்ளையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுபோல. அதே வருஷம் மே மாதம் தேர்தல் ஆணையமும் இது பின்னோக்கிப் போகும் செயல் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. இரண்டு கடிதமும் கோப்பில் தூங்கின. மாநிலங்களவை குறுக்கே வரக்கூடாது என்பதற்காகத் திருத்தங்களைப் பண மசோதாவுக்குள் வைத்துக் கட்டினார்கள்.

இது பாஜக செய்தது, மற்றவர்களை ஏன் இழுக்கிறாய் என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். சட்டத்தைக் கொண்டுவந்தது அவர்கள்தான். பத்திரத்தில் பெரும்பங்கு பெற்றதும் அவர்கள்தான்: வெளிவந்த பட்டியல்படி 2019 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை ஏறத்தாழ 6,060 கோடி. அதை யாரும் சமன்படுத்த முடியாது, நானும் சமன்படுத்தவில்லை. ஆனால் ஒரு பழைய கதையைச் சொல்லியாகவேண்டும். 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், லண்டனில் பதிவான தாய்க் கம்பெனியைக் கொண்ட வேதாந்தா குழுமத்தின் கம்பெனிகளிடமிருந்து காங்கிரசும் பாஜகவும் வாங்கிய நன்கொடை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு கட்சிகளும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடின. அதற்குள் 2016 நிதிச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் பொருளையே 2010 முதல் செல்லும்படி மாற்றினார்கள். சம்பந்தப்பட்ட பணம் அதற்கும் முந்தையது என்பதால் அது போதவில்லை. 2018இல் இன்னொரு திருத்தம் வந்தது, 1976 ஆகஸ்ட் 5 முதல் செல்லும் என்று. மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நாற்பத்திரண்டு வருஷம் பின்னால் போய்க் குற்றத்தைக் குற்றமில்லாததாக்கிய அந்த நாளில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஒரே நேரத்தில் நிம்மதி. மற்ற நாட்களில் இவர்கள் டிவியில் போடும் சண்டையைப் பார்த்து நாம் குடும்பத்துக்குள் பேசாமல் இருக்கிறோம்.

பத்திரத்துக்கு வருகிறேன். 2018 ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் 1,000 ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண் புற ஊதா ஒளியில் தெரிந்தது. நிதி அமைச்சகம் என்ன சொன்னது? அது கள்ளப் பத்திரத்தைத் தடுக்கிற பாதுகாப்பு அம்சம், வாங்கியவர் பெயரோடு வங்கி அதைக் குறித்துவைப்பதில்லை. ஆறு வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் நெருக்கியபோது அந்த எண்கள் முழுசாக வந்தன. வாங்கியவர் பக்கமும் இருந்தது, மாற்றிய கட்சிப் பக்கமும் இருந்தது. ஆக, ரகசியம் நமக்கு மட்டும்தான். அரசு வங்கியின் பெட்டியில் எல்லாம் பத்திரமாக இருந்தது.

அந்த 2024 மார்ச் மாதத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு திட்டத்தையே ரத்து செய்து, மார்ச் 6க்குள் விவரம் கொடு என்றது. மார்ச் 4 அன்று ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. 22,217 பத்திரம், வாங்கியது ஒரு பக்கம், மாற்றியது ஒரு பக்கம், சேர்த்துப் பார்க்க நாளாகும் என்றார்கள். நாங்கள் மார்ச் 31க்குள் ஜிஎஸ்டி கணக்கில் அதைவிட அதிக வரிகளைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள், அதுவும் பவர் கட்டோடு. ஜூன் 30 என்றால் மக்களவைத் தேர்தலே முடிந்துவிடும் என்பது தற்செயல் என்று நம்பச் சொன்னார்கள். நீதிமன்றம் நம்பவில்லை. மார்ச் 21 அன்று எண்களும் வெளியே வந்தன, செய்தியாளர்கள் சில மணி நேரத்தில் பொருத்திப் பார்த்துவிட்டார்கள்.

பட்டியலின் உச்சியில் இருந்த பெயரைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி. கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் மார்ட்டினின் நிறுவனம். என் சின்ன மாமா மளிகைக்கடை வைத்திருந்தவர். சாயங்காலம் கல்லாவைப் பூட்டியதும் நேராக லாட்டரிக் கடைக்குப் போவார். ரிசல்ட் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். முதலில் தராசு போனது, பிறகு கடை, பிறகு அத்தையின் தோடு. 2003இல் ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்தபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கட்சியைப் பிடிக்காது, ஆனாலும் அத்தை அன்று கோயிலுக்குப் போய்வந்தார். நம் ஊரில் விற்கக்கூடாத சீட்டு வேறு மாநிலங்களில் சட்டப்படி விற்றது, அந்த லாபம் பத்திரமாக மாறி நம் ஊர்க் கட்சிக்கும் வந்தது.

திரிணமூலுக்கு 542 கோடி, திமுகவுக்கு 503 கோடி, ஒய்எஸ்ஆர் காங்கிரசுக்கு 154, பாஜகவுக்கு 100, காங்கிரசுக்கு 50. ஒரே கம்பெனி. கொள்கை பார்த்துக் கொடுக்கும் நன்கொடை இப்படியா இருக்கும்? கொடுத்தது அன்றைய சட்டப்படி குற்றமில்லை. வாங்கியதும் குற்றமில்லை. சட்டம் எப்படி எழுதப்பட்டது என்பதைத்தான் மேலே சொன்னேன்.

இந்த இடத்தில் திமுகவுக்குச் சேரவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எண்கள் வெளியாகும் முன்பே யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்டு வாங்கித் தேர்தல் ஆணையத்திடம் சொன்ன சில கட்சிகளில் அதுவும் ஒன்று. 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள் (வங்கிப் பட்டியலில் 503). அதிமுகவும் தன் 6 கோடிச் சொச்சத்துக்குக் கணக்குக் காட்டியது. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரமே வாங்கவில்லை, வழக்குப் போட்டவர்களில் ஒருவராகவும் நின்றது. பெரிய விஷயம். (2019 தேர்தலில் திமுக அந்தக் கட்சிக்கு 10 கோடியும் இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடியும் கொடுத்ததும் கணக்கில் உள்ளது. அது பத்திரப் பணம் என்று நான் சொல்லவரவில்லை. குளத்தில் இறங்காதவர்களும் குடத்தை நீட்டவேண்டியிருக்கிறது, தேர்தல் செலவு அப்படி ஆகிவிட்டது.)

மற்றவர்கள் சொன்ன பதில்களைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டவேண்டும். எனக்கு மிகப் பிடித்தது ஐக்கிய ஜனதா தளத்தின் பதில். 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா கட்சி அலுவலகத்துக்கு யாரோ ஒருவர் வந்தாராம். ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடி மதிப்புள்ள பத்துப் பத்திரம். யார் என்று தெரியாதாம். 10 கோடி ரூபாயைக் கொடுத்தவருக்கு ஒரு டீ வாங்கித் தரக்கூட அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை.

சரி, பட்டியல் வந்தது. நாம் என்ன செய்தோம்?

எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே பட்டியல்தான், ஆனால் குழுவுக்கு வந்த ஸ்க்ரீன்ஷாட் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. உடன்பிறப்பு அனுப்பியதில் 503 கோடி இல்லை. பாஜக நண்பன் அனுப்பியதில் ஹைதராபாத் மருந்துக் கம்பெனி இல்லை. அரபிந்தோ பார்மாவைச் சொல்கிறேன். அதன் இயக்குநர் ஒருவரை டெல்லி மதுபான வழக்கில் அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்தது. நவம்பர் 15 அன்று கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது, அதை மாற்றியது பாஜக. அடுத்த வருஷம் அவர் அப்ரூவர் ஆனார். இதனால்தான் அது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் விசாரித்தால்தானே தெரியும்? சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்று போன மனுவை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 2 அன்று தள்ளுபடி செய்தது. சந்தேகம் இருப்பவர்கள் வழக்கமான சட்டவழியில் போகலாம் என்றது. வழக்கமான வழியில் கதவைத் திறக்கவேண்டியவர்கள் யார்? அதே அமலாக்கத் துறை, அதே சிபிஐ.

நீதிமன்றத்தின் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த வழக்கு முதலில் தாக்கலானது 2017இல். 2019 ஏப்ரலில் இடைக்கால உத்தரவு போட்டார்கள்: கட்சிகள் விவரத்தை ஒட்டிய உறையில் வைத்துத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கட்டும். ஆக இதிலும் ஒரு கவர். அந்தக் கவர் மூடியபடி இருக்க, 2018இல் தொடங்கிய விற்பனை முப்பது தவணையைத் தொட்டு ஏறத்தாழ 16,518 கோடியில் போய் நின்றது. கொடுத்தவர் பெயரோடு நமக்குக் காட்டப்பட்டது 2019 ஏப்ரல் 12க்குப் பிறகு உள்ளது மட்டும். அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் விற்ற சுமார் 4,000 கோடிக்குக் கொடுத்தவர் பட்டியல் வரவில்லை. அதற்கும் மனு போட்டார்கள், ஏற்கவில்லை.

ஆனாலும் நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிவிட்டுத் தூங்கப் போக எனக்கு மனசு வரவில்லை. எண்கள் வந்த இருபத்தொன்பதாம் நாள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. இடையில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளரிடமும் யாரும் இதைக் கேட்டு நான் பார்க்கவில்லை. நான் கேட்டேனா? இல்லை. ஆரத்தித் தட்டு இருந்தது, கூட்டமாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கட்சி. முகநூலில் மட்டும் பதினோரு பதிவு போட்டேன்.

பணத்துக்காகத் தேர்தலையே நிறுத்திய ஊர் நம்முடையது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017இல் ஆர்.கே.நகர். 2019இல் வேலூர். ஒவ்வொரு தடவையும் தேதி மாறியது, பிறகு வாக்குப்பதிவு நடந்தது, நாம் மறுபடி வரிசையில் நின்றோம். மேலே பெயரில்லாமல் உள்ளே போகிற பணம் கீழே பெயரில்லாமல்தானே வெளியே வரும்? இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, காரணம் கடைசியில் சொல்லப்போவது.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கவர். உள்ளே இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள். நாலு ஓட்டு உள்ள வீடு, ஒரு ஓட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டது என் புத்தி, தொழில் பழக்கம்.

"இது யாரும்மா குடுத்தா?"

"தெரியலப்பா. ஒரு பையன் வந்தான். கையில திணிச்சான். போயிட்டான்."

"எந்தக் கட்சின்னு கேக்கலையா?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "அதெல்லாம் கேட்டா நல்லாவா இருக்கும்?"