உன் பைலதான் எடம் கீதே!

காட்பாடி ஜங்ஷன். மே மாதத்து மதியம். கூரைக்குக் கீழே நின்றாலும் மண்டை வேகிற வெயில். உத்தரகாண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு மலையேறப் போக ஆறு பேர் நிற்கிறோம். ஐந்து பேரின் முதுகில் இருப்பதைப் பார்த்தால் பெண் வீட்டிலிருந்து சீர் கொண்டு போகிறவர்கள் மாதிரி இருக்கிறது. ஒருத்தன் பையில் செருப்பு தொங்குகிறது. இன்னொருத்தன் பையில் எவர்சில்வர் டம்ளர் டங்டங் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பையின் ஜிப் பாதியில் வாயைப் பிளந்துவிட்டது. என் பை மட்டும் இறுக்கமாக, சத்தம் போடாமல் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தன் சொன்னான்:

“இன்னாடா, உன் பைலதான் எடம் கீதே! இத்த கொஞ்சம் வெச்சிக்கோ.”

‘இத்த’ என்று அவன் நீட்டியது ஒரு ஜீன்ஸ் பேண்ட், ஒரு பவுடர் டப்பா, அப்புறம் அவன் அம்மா கொடுத்த ஆவக்காய் பாட்டில். கண்ணாடி பாட்டில்! ஆறு நாள் மலையில் நடக்கப் போகிறவனுக்குக் கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய்!

அந்த இடம் என் பையில் எப்படி வந்தது என்று ஒருத்தனாவது கேட்டானா? வானத்திலிருந்து விழுந்ததா? மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு உண்டாக்கிய இடம் அது.

எங்கள் தெரு மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. மதியம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், கொண்டுபோக நினைத்த ஒவ்வொன்றையும் அதில் வைத்து நிறுத்தேன். கடைக்கார அண்ணன், “இன்னா தம்பி, பழைய துணி போட்டு பாத்திரம் வாங்கப் போறியா?” என்று கிண்டல் செய்தார். செய்யட்டும். காலிப் பை 1 கிலோ 900 கிராம். ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே புகுந்து தூங்குகிற பை, 1 கிலோ 400. ஜெர்க்கின் 600. நான் வைத்திருந்த ஜீன்ஸ் 720 கிராம், அதுவும் காய்ந்த நிலையில். நனைந்தால் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்து அப்படியே வீட்டுக்கே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். சோப்பைப் பாதியாக வெட்டினேன். டூத் பேஸ்ட்டில் சின்னதை வாங்கினேன். சார்ஜர் ஒயரில்கூட இருந்ததிலேயே குட்டையானதைத்தான் எடுத்தேன். எனக்கு எடை 62 கிலோ. முதுகில் ஏற்றுவது உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கோடு நின்றால் நல்லது, எந்தக் காரணம் கொண்டும் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் கணக்கு. என் பை இரண்டு லிட்டர் தண்ணீரையும் சேர்த்துப் பதினொன்றரை கிலோ.

இவ்வளவு பாடுபட்டு நான் மிச்சம் பிடித்த மூன்று கிலோவை அவன் ஒரே வார்த்தையில் சாப்பிட்டுவிட்டான்.

இத்தனைக்கும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்து, பையை எப்படி அடுக்குவது என்று காட்டினேன். ஸ்லீப்பிங் பேக் அடியில். அதற்கு மேல் கனமானது எல்லாம் முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் வருகிற மாதிரி. லேசான துணிமணி வெளிப்பக்கம். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, நின்ற இடத்தில் கையை விட்டு எடுக்கிற மாதிரி. எல்லோரும் தலையாட்டினார்கள், பிஸ்கட் தின்றார்கள், போனார்கள். அப்புறம் கிளம்புகிற அன்று காலையில் பீரோவைத் திறந்து, கைக்கு வந்ததையெல்லாம் வந்த வரிசையில் திணித்துக்கொண்டு வந்து நின்றார்கள். தண்ணீர் பாட்டில் வெளிப்பாக்கெட்டில், மாற்று ஷூ அதற்கும் வெளியே, முதுகை ஒட்டிப் பஞ்சு மாதிரி ஸ்வெட்டர். கனமெல்லாம் முதுகை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கினால் ஆளைப் பின்னால்தானே இழுக்கும்? அதைச் சமாளிக்க நாள் முழுக்கக் கூன் போட்டு நடந்துவிட்டு, “மலைல ஆக்சிஜன் கம்மி மச்சான், மூச்சு வாங்குது” என்கிறான். ஆக்சிஜன் இல்லடா, அடுக்கத் தெரியல!

இதில் எனக்குப் பெரிய கோபமே, இது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத வித்தை கிடையாது என்பதுதான். பாலாறு மணலாய்க் கிடக்கிற ஊர் இது. காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. குடத்தை யாராவது கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்களா? இடுப்பில் வைத்து உடம்போடு அணைத்துக்கொண்டுதான் போனார்கள். இடுப்பெலும்பு தாங்கும், தோள் தாங்காது. பையில் இருக்கிற இடுப்பு பெல்ட் அதே குடக் கணக்குத்தான். முதலில் அதை இடுப்பெலும்பின் மேல் இறுக்க வேண்டும், அப்புறம்தான் தோள் வாரைச் சரிசெய்ய வேண்டும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். சும்மாடு வைத்துச் சாமை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிற அம்மாக்கள் கையை வீசி நடப்பார்கள். பாரம் உடம்புக்கு நேர் மேலே இருக்கிறது, முன்னும் பின்னும் இழுக்காது. குடியாத்தத்தில் லுங்கிக் கட்டை டி.வி.எஸ். 50-இல் கட்டுகிறவரிடம் கேட்டால்கூட, கனம் நடுவில் வர வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டிக்கொண்டே சொல்வார். அவர்கள் பேரப்பிள்ளைகளான நாங்கள் இடுப்பு பெல்ட்டை முன்னால் மாட்டாமல் இரண்டு பக்கமும் வால் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு போகிறோம். கேட்டால், “அது போட்டோல நல்லா இருக்காது.”

பை விற்கிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற பிரிவில் இருக்கிறேன். வாரும் தையலும் எனக்குத் தினசரிச் சோறு. எங்களில் ஒருத்தன் கடைத்தெருவில் ‘70 லிட்டர்’ என்று எழுதிய பையை ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிக்கொண்டு வந்து, சீப்பாக முடித்துவிட்ட பெருமையில் காட்டினான். இடுப்பு பெல்ட் என்று இருந்தது ஒன்றரை விரல் அகல நாடா. உள்ளே பஞ்சும் இல்லை, பட்டையும் இல்லை. தோள் வார் பையோடு சேருகிற இடத்தில் ஒற்றைத் தையல். குழந்தைகள் செருப்பு வாருக்கே நாங்கள் அந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டு மேலே நெருக்கமாக அடைசல் தையலும் போடுவோம். “இது பிரியும்டா” என்றேன். “நீ எதப் பாத்தாலும் கொற சொல்ற” என்றான். இரண்டாவது நாள் நடையில் பிரிந்தது. கோணி ஊசியும் மெழுகு நூலும் யார் பையில் இருந்தன? என் பையில். யார் உட்கார்ந்து தைத்தார்கள்? சொல்லத் தேவையில்லை.

அந்த 70 லிட்டரையும் நான் சும்மா விடவில்லை. திரும்பி வந்த பிறகு, ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரி மூட்டையில் மீதி இருந்தது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டால் அளந்து அந்தப் பைக்குள் கொட்டிப் பார்த்தேன். இரண்டரை பக்கெட்டில் விளிம்பு தட்டிவிட்டது. 50 லிட்டர். மீதி 20 லிட்டர் எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பது?

ரயில் ஏறுவதற்கு முன்னால் நடந்த இன்னொரு கூத்து. ஒருத்தன் பையில் சின்ன கேஸ் அடுப்பும் சிலிண்டரும். மலையில் சுக்கு காபி போடலாமாம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், கள்ளத்தனமாக ஏற்றிய சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் செத்தார்கள். ரயிலில் அதைக் கொண்டுபோவதே குற்றம், ஜெயில்வரை போகலாம். தேவைப்பட்டால் டேராடூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வழியனுப்ப வந்த அவன் சித்தப்பா கையில் அதைக் கொடுத்து அனுப்புகிறவரை நான் ரயில் ஏறவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? “சரி, அடுப்பு வெச்ச எடம் இப்போ காலிதானே, உன் சாமான் ஏதாவது வெக்கணுமா?” நெகிழ்ந்து போய் ஊறுகாய் பாட்டிலை நீட்டினேன். “அய்யோ, எண்ணெ ஒழுகும்டா” என்று கையை இழுத்துக்கொண்டான்!

ஒழுகத்தான் ஒழுகியது. மலையடி ஊரான சாங்ரியில் இறங்கிப் பையைத் திறந்தால் என் மாற்றுச் சட்டை முழுக்க நல்லெண்ணெயும் மிளகாயும். மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டியும் மூடி ஓரமாய்க் கசிந்திருக்கிறது. அந்த ஊர் நாய் ஒன்று, நடை தொடங்குகிற தாலுகா என்கிற ஊர்வரை ஜீப் பின்னாலேயே ஓடி வந்து, அங்கிருந்து என் முதுகை மோந்துகொண்டே நடந்தது. ஊறுகாய்க்குச் சொந்தக்காரன் அதைப் போட்டோ எடுத்தான்.

கூடாரமும் சமையல் சாமானும் கோவேறு கழுதையில். மற்றது அவரவர் முதுகில். சூப்பின் ஆற்றை ஒட்டிப் போகிற பாதை சில இடங்களில் ஓர் ஆள் போகிற அகலம்தான். டம்ளர் தொங்கவிட்டவனுடைய டம்ளர் ஒரு புதரில் மாட்டி, இவன் வேகத்துக்கு இழுக்க, அரை வட்டம் சுற்றி ஆற்றுப் பக்கம் சாய்ந்தான். பின்னால் வந்த வழிகாட்டி பை வாரைப் பிடித்து நிறுத்தினார். இவன் பர்வதமலைக்கு நாலைந்து தடவை போனவன். கடப்பாரைப் படியில் ஏறும்போது மஞ்சப்பையை வயிற்றோடு கட்டிக்கொண்டுதானே ஏறினாய்? அங்கே தெரிந்தது இங்கே எப்படி மறந்தது? பையின் வெளியே எதுவும் தொங்கக் கூடாது என்று அந்த டீ போட்ட நாளில் நான் நாலு தடவை சொன்னது.

மூன்றாவது நாள் மதியம் மழை. வேலூர்க்காரனுக்கு மழை என்றால் கொண்டாட்டம், ஓடிப் போய் நனைவான். அங்கே நனைந்தால் ராத்திரி பல் தந்தி அடிக்கும். எல்லோரும் ரெயின் கவரைப் போட்டுவிட்டுத் தைரியமாக நடந்தார்கள். ரெயின் கவர் பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடும். கழுத்து வழியாக இறங்குகிற தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவில் ஓடிப் பையின் அடியில்தான் போய்த் தேங்கும். அதனால்தான் பைக்கு உள்ளேயே தடித்த பாலிதீன் உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் சாமானை வைத்து வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். நான் போட்டது புது மெத்தை சுற்றி வந்த உறை. வெட்டி, டேப் ஒட்டி நானே செய்தது. செலவு ஒன்றும் இல்லை. ஒருத்தனுக்கு அது தெரியவில்லை என்றால் போகட்டும், மன்னிக்கலாம். ஆனால் அவன் ஸ்லீப்பிங் பேக்கை உள்ளே வைக்க இடமில்லாமல் பைக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். உள்ளே ஏன் இடமில்லை? உள்ளே நாலு டி-ஷர்ட், மூன்று ஸ்வெட்டர், ஒரு ஹேர் டிரையர். ஹேர் டிரையர்! கரண்டே இல்லாத கூடாரத்தில்!

ராத்திரி பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற அந்த ஸ்லீப்பிங் பேக்கைத் தூக்கிக்கொண்டு என் கூடாரத்துக்கு வந்து நிற்கிறான். விரட்டவா முடியும்? என்னுடைய பேக்கின் ஜிப்பை முழுசாகத் திறந்து போர்வை மாதிரி விரித்து இரண்டு பேரும் படுத்தோம். பாதி உடம்பு வெளியே. குளிரில் பேட்டரி சார்ஜ் இறங்கிவிடும் என்று பவர் பேங்கை நான் மடியில் வைத்துக்கொண்டு படுப்பது வழக்கம். அதையும் அவன் பக்கம் இழுத்து, தன் போனை மாட்டிக்கொண்டு நிம்மதியாகக் குறட்டை விட்டான். கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் வெந்துவிட்டு வந்த உடம்பு எனக்கு. விடிய விடியக் கண்ணை மூடவில்லை.

திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்த பயணம் பத்து நாளாம். நேற்று ராத்திரி அந்த ஹேர் டிரையர்காரன் போன் செய்தான்.

“மச்சான், இந்த வாட்டி உன் பை எத்தினி லிட்டரு?”

என்னுடையது 55. “35 தான்டா, பழசு கிழிஞ்சிடுச்சி, சின்னதா வாங்கிட்டேன்” என்றேன், குரலை இறக்கி.

கொஞ்ச நேரம் யோசித்தான். “சின்னப் பையா? அப்போ முன்னாடி நெஞ்சுல ஒண்ணு மாட்டிக்கலாமே மச்சான். என்கிட்ட ஒரு ஸ்கூல் பை சும்மாதான் கீது, எடுத்துக்கினு வரவா?”

போனை வைத்துவிட்டேன்.