வெள்ளைக் கடம்பு மானாவாரி மரமல்ல

'மதுரையே கடம்பவனம், வெள்ளைக் கடம்பை நட்டால் போதும், தண்ணீரே தேவையில்லை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

வெள்ளைக் கடம்பு ஈரமான தாழ்நிலக் காட்டு மரம். ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடங்களில்தான் செழிக்கும். மதுரைக்குக் கிடைப்பது சுமார் 850 மி.மீ., அதிலும் பாதியளவு ஐப்பசியை ஒட்டிய இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இளங்கன்றின் இலைகள் ஒரு முழம்கூட நீளும். அவ்வளவு பரப்பிலும் நீர் ஆவியாவதால் கோடையில் நுனியிலிருந்து கருகும்.

ஐப்பசியில் நடுங்கள். ஒன்றரை அடிக் குழி, தொழு உரம், தூரில் சருகு மூடாக்கு. முதல் இரண்டு கோடையும் வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் அவசியம். இலை உதிர்ந்ததும் பட்டுப்போனதாகப் பிடுங்கிவிடாதீர்கள், பாவம். நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் துளிர்க்கும். பாசனமில்லாத நிலமா? மஞ்சள் கடம்பு வறட்சியை இதைவிட நன்றாகத் தாங்கும்.