ஆற்றுக்கடியில் ஓர் இங்கிலாந்துக் கடற்கரை

ஜப்பானின் வடகிழக்கில் இவாத்தே மாகாணத்து ஹனமாக்கி நகரத்தில் கடல் கிடையாது. ஆனால் 'இங்கிலாந்துக் கடற்கரை' உண்டு! கித்தகாமி ஆற்றங்கரை ஒன்றுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் கவிஞரும் கதாசிரியருமான மியாசாவா கென்ஜி. அவர் இங்கிலாந்துக்குப் போனதே இல்லை.

ஆற்றில் தண்ணீர் வற்றினால் அங்கே வெளிறிய மண்பாறை தலைகாட்டும். வெயிலில் அதன்மேல் நடந்தால் இங்கிலாந்தின் வெண்சுண்ணக் கரையில் நடப்பதுபோல் இருக்கிறதாம். கவிஞரின் கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மனிதர் மண்ணும் பாறையும் படித்தவர், வேளாண் பள்ளி ஆசிரியர். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இது நிஜமாகவே கடலோரம் என்று பாறையைக் காட்டி வாதாடுகிறார். கோடையில் மாணவர்களை நீந்த அழைத்துப்போன அதே கரையில் புதைபடிவமான அக்ரோட்டுக் கொட்டைகளும் விலங்குகளின் குளம்புத் தடங்களும் கிடைத்தன.

இதனால்தான் அவர் கதைகளில் வரும் 'இஹாத்தோவ்' உலகத்தை வெறும் கனவுலகம் என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. 1924இல் தன் கதைத் தொகுப்புக்கான விளம்பரத் தாளிலேயே, இஹாத்தோவ் என்பது தன் மனத்தில் கனவு நாடாக இருக்கும் இவாத்தேதான் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த இவாத்தே எப்படிப்பட்டது? கோடையிலும் குளிர்காற்று வீசி நெற்கதிர் பதராகிப்போகும் ஏழை மண். கென்ஜி பிறந்த 1896இலும் இறந்த 1933இலும் அதன் கடலோரத்தைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. 1932இல் வெளிவந்த அவருடைய கதை ஒன்றில், குளிரால் விளைச்சல் பொய்க்கவிருந்த இஹாத்தோவைச் சூடேற்ற ஓர் எரிமலையை வெடிக்க வைக்கிறார்கள்; அதற்காக ஓர் இளைஞன் உயிரைக் கொடுக்கிறான். ஊர்ப் பசியை மறக்க நினைப்பவன் இப்படி ஒரு கதை எழுதுவானா?

குராகாகே மலை, நானாத்சுமோரிக் குன்றுகள், இந்த ஆற்றங்கரை என்று அவர் எழுத்தில் வந்த இடங்களை 2005இல் ஜப்பானிய அரசு 'இஹாத்தோவ் நிலக்காட்சிகள்' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட எழிலிடங்களாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் என்னைத் தொட்டது அறிவிப்பு இல்லை. மேலே அணைகள் வந்த பிறகு ஆற்றில் தண்ணீர் அவ்வளவாகக் குறைவதில்லை. பாறை பெரும்பாலும் மூழ்கியே கிடக்கிறது. அதனால் அவர் நினைவு நாளான செப்டம்பர் 21 அன்று மட்டும், அணைகளில் திறப்பைக் குறைத்து அந்தக் கரையை வெளியே கொண்டுவரப் பார்க்கிறார்கள். செயற்கை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஒரு எழுத்தாளனுக்காக ஆற்றையே கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எல்லா ஆண்டும் அது கைகூடுவதில்லை. முந்தைய நாட்களில் மழை கொட்டிவிட்டால், வந்தவர்கள் நிறைந்தோடும் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.